பொலிஸில் இருக்கும் பிள்ளைக்குச் சங்கம் இல்லை: பட்ஜெட்டையும் சட்டமூலத்தையும் வீட்டார் பின்தொடர்வது எப்படி?

மலையகத் தேயிலைத் தோட்டங்களின் நடுவே உள்ள ஹற்றனில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் கடிதம் எழுதுவதும் கோப்பு அடுக்குவதுமாகவே என் உத்தியோக காலம் கழிந்தது. வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்ட மறுநாள் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொழுந்து பறிப்பவர்கள் அல்ல. பொலிஸில் சேர்ந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும் ஓரமாக வந்து நிற்பார்கள். "எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு கூடுகிறது? அவனையும் உங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், சந்தாவை நாங்கள் கட்டுகிறோம்" என்பார்கள்.

சேர்க்க முடியாது. 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். ஆனால் நீதித்துறை அலுவலர், ஆயுதப் படையினர், பொலிஸார், சிறைச்சாலை அலுவலர் ஆகியோர் அமைக்கும் சங்கங்களுக்குத் தான் ஏற்புடையதல்ல என்று அதே சட்டம் கதவை அடைத்துவிடுகிறது. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை எல்லாப் பிரசைகளுக்கும் கொடுக்கிறது. 15 ஆம் உறுப்புரையின் 8 ஆம் பந்தி, கடமையும் ஒழுக்கமும் கெடாதிருக்கப் பொலிஸார் விடயத்தில் அந்த உரிமையைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது. ஒரு ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச தொழில் அமைப்புக்கு எழுதலாமா என்று கேட்டார். அந்த அமைப்பின் 87 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1995 இல் ஏற்றுக்கொண்டது உண்மைதான். அதன் 9 ஆம் உறுப்புரை இராணுவத்தையும் பொலிஸையும் அந்தந்த நாட்டின் சட்டத்திடமே விட்டுவிடுகிறது. எழுதலாம் ஐயா, முத்திரைச் செலவு உங்களுடையது என்றேன்.

வேலைநிறுத்தம் வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்வேன். கலவரம் நடக்கும் இரவில் பொலிஸ் நிலையம் பூட்டிக் கிடந்தால் முதலில் அடிபடுவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் லயத்து மக்கள்தான். 1977, 1983 ஐக் கண்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் கூடிப் பேசவும் கோரிக்கை எழுதவும் ஒரு மன்றம்கூட ஏன் இருக்கக் கூடாது? இங்கிலாந்தில் பொலிஸார் வேலைநிறுத்தம் செய்த பிறகு 1919 இல் அவர்களுக்குத் தொழிற்சங்கத்தைத் தடைசெய்தார்கள். அதே சட்டத்தில் சம்பளமும் சேவை நிலைமையும் பற்றிப் பேச ஒரு சம்மேளனத்தையும் உண்டாக்கிக் கொடுத்தார்கள். நம்மிடம் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வெள்ளைக்காரன் விட்டுப்போன தடியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்; அவன் தன் ஊரில் செய்துகொண்ட ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

எனவே, தோட்டத்தில் சங்கம் செய்கிற வேலையைப் பொலிஸ்காரனுக்கு அவன் வீட்டார்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதாவது பத்திரங்களை வாசிப்பது, கணக்குப் பார்ப்பது, உரிய இடத்தில் கேட்பது. சேவையில் இருக்கிறவன் அனுமதியில்லாமல் ஊடகத்திடம் பேச முடியாது. முகநூலில் சம்பளக் குறை எழுதினால் ஒழுக்காற்று விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பான். வாக்காளரான அம்மாவுக்கும் அத்தைக்கும் அந்தக் கட்டு இல்லை.

பேச்சைக் கேட்டு ஏமாறாமல் இருப்பது

என் அண்ணன் மகன் பொலிஸ் கான்ஸ்டபிள். 2025 பெப்ரவரி 17 ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வரவு செலவுத் திட்ட உரையை வாசித்த அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தான். "அத்தை, பதினையாயிரம் கூடுகிறதாம்!" என்றான். வானொலி சொன்னதும் அதுதான்: அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகிறது, கூட்டிய தொகை 15,750. ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பணம் முழுவதும் புதுப் பணமும் இல்லை.

ஒரு கடுதாசியை எடுத்து நான் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். ஏற்கெனவே மாதாமாதம் கைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கொடுப்பனவுகள், 2,500 உம் 5,000 உம், ஆக 7,500 ரூபா, அடிப்படைச் சம்பளத்துக்குள் சேர்க்கப்பட்டன. 15,750 இலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது 8,250. இதுதான் உண்மையான உயர்வு. அதுவும் ஒரேயடியாக அல்ல. 2025 ஏப்ரலில் 5,000 ரூபாவும், மீதி 3,250 இல் 30 சதவீதமும், அதாவது 975 ரூபாவும். ஆகக் கீழ்ப்படியில் இருப்பவருக்கு ஏப்ரலில் கூடியது 5,975. எஞ்சிய 2,275 ரூபாவைப் பாதி பாதியாக்கி 2026 ஜனவரியில் ஒரு பங்கு, 2027 ஜனவரியில் ஒரு பங்கு. கான்ஸ்டபிளின் சம்பளப் படிநிலை இதைவிட மேலே என்பதால் அவனுக்குத் தொகை வேறு. கணக்கின் வழி இதுவேதான்.

"அப்படியென்றால் ஏமாற்றா, அத்தை?" என்று கேட்டான். ஏமாற்று இல்லை. கொடுப்பனவு அடிப்படைச் சம்பளத்துக்குள் போனால் நாளைக்கு ஓய்வூதியம் கணக்கிடும்போது அதுவும் சேரும். இன்று பைக்குள் தெரியாத லாபம் அது. எனக்குக் கோபம் வேறிடத்தில். உயர்வு என்று சொல்லும்போது மொத்தத்தைச் சொல்வதும், பிரித்துச் சொல்வதைச் சுற்றறிக்கைக்கு விட்டுவிடுவதும் எந்த ஆட்சி வந்தாலும் மாறாத பழக்கமாக இருக்கிறது.

உரை என்பது அறிவிப்பு மட்டுமே. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் நின்றுவிட்டால் பேர் விழுந்துவிடாது, செக்ரோல் என்ற பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே; இதுவும் அப்படித்தான். உரைக்குப் பிறகு, எந்தத் திணைக்களத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் நிறைவேற வேண்டும். பிறகு அரசாங்க நிருவாக அமைச்சின் சம்பளச் சுற்றறிக்கை வர வேண்டும். பிறகு பொலிஸ் தலைமையகம் தன் ஆட்களுக்கு அதை நடைமுறைப்படுத்த வேண்டும். கடைசியாகத்தான் சம்பளப் பட்டியல். இந்த வரிசையில் மிகவும் பெறுமதியானது சுற்றறிக்கை. அமைச்சின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கும். பத்திரிகைத் துணுக்கை வெட்டி வைப்பதற்குப் பதில் அதை அச்செடுத்து வையுங்கள். அமைச்சர் சொன்னாரே என்று கிளார்க்கிடம் வாதாடினால் சிரிப்பார். சுற்றறிக்கையின் பந்தி இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வார்.

சம்பளத் திட்டத்தை வாசிப்பது

சுற்றறிக்கையின் பின்னிணைப்பில் எண்களும் கோடுகளுமாக ஒரு வரி இருக்கும். அதைக் கண்டு பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பொலிஸ் கான்ஸ்டபிளுக்கு 2016 ஆம் ஆண்டுத் திட்டத்தில் இருந்த வரி இது: ஆர்.எஸ். 1 – 2016: 29,540 – 7 x 300 – 27 x 370 – 41,630. ஆர்.எஸ். 1 – 2016 என்பது திட்டத்தின் பெயர். அதற்கடுத்த எண் சேரும்போது கிடைக்கும் அடிப்படைச் சம்பளம். அடுத்த ஏழு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 300 ரூபா கூடும். அதன்பின் 27 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 370. கடைசி எண் அந்தத் தரத்தின் உச்சி. சரியா என்று கூட்டிப் பாருங்கள்: 2,100 உம் 9,990 உம் சேர்ந்தால் 12,090, அதை 29,540 உடன் கூட்டினால் 41,630. ஒரு சதம் பிசகாது.

இந்த எண்கள் இப்போது பழையவை. 2025 திருத்தத்தில் தொகைகள் மாறின. ஆண்டுச் சம்பள ஏற்றமும் 80 சதவீதம் கூட்டப்பட்டது, ஆகக் குறைந்த ஏற்றம் 250 இலிருந்து 450 ஆயிற்று. வாசிக்கும் முறை மட்டும் மாறவில்லை. பிள்ளை சேவையில் சேர்ந்த திகதியை வைத்து அவன் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று விரல் வைத்து எண்ணலாம். பட்டியலில் இருக்கும் அடிப்படைச் சம்பளம் அதோடு ஒத்துப்போகாவிட்டால், ஏதோ ஓர் ஆண்டின் ஏற்றம் போடப்படாமல் கிடக்கிறது என்று அர்த்தம். வினைத்திறன் தடைப் பரீட்சை எழுதாமல் விட்டதாலும் அப்படி நிற்கும். கேட்டால் "படிக்க நேரமில்லை, கடமை" என்பான். இரவுக் கடமை முடித்துவிட்டு வருகிறவனிடம் இதற்குமேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பரீட்சையை எழுதத்தான் வேண்டும்.

வாழ்க்கைச் செலவுப் படி தனி வரி. 7,800 ரூபாவாக இருந்தது 2024 இல் இரண்டு தவணையாக 10,000 கூடி 17,800 ஆயிற்று. அது இன்னும் அடிப்படைச் சம்பளத்துக்கு வெளியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

தலைப்பு 225

ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தில் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் ஒரு செலவினத் தலைப்பு இலக்கம் உண்டு. இராணுவம் 222, கடற்படை 223, விமானப்படை 224, பொலிஸ் 225. பாராளுமன்ற உறுப்பினர்களின் தொகையும் 225 என்பதால் மறக்காது.

சட்டமூலம் உரைக்கு முன்னரே வந்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2026 ஆம் ஆண்டுக்கான சட்டமூலம் 2025 செப்டெம்பர் இறுதியிலேயே பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது; உரை நவம்பர் 7 ஆம் திகதிதான். ஆகவே நவம்பரில் எல்லோரும் தொலைக்காட்சி முன் உட்காரும்போது, பொலிஸுக்கு மொத்தமாக எவ்வளவு என்ற கணக்கு ஏற்கெனவே அச்சில் இருக்கும். சட்டமூலத்தில் தெரிவது மொத்தத் தொகை மட்டுமே: சம்பளம் போல் ஆண்டுதோறும் வரும் மீண்டெழும் செலவு ஒன்று, கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு ஒன்று. விபரம் வேண்டுமானால் திறைசேரி வெளியிடும் மதிப்பீட்டுப் புத்தகத்துக்குப் போக வேண்டும்.

தடித்த புத்தகம்தான். தலைப்பு 225 ஐத் தேடிப் பிடித்தால் போதும், மற்றதை விட்டுவிடலாம். தொகைகள் எல்லாம் ஆயிரம் ரூபாவில் இருக்கும். மூன்று சைபர் சேர்த்துப் படியுங்கள். இடப்பக்கம் நாலிலக்கக் குறியீடுகள். 1001 என்றால் சம்பளமும் வேதனமும். 1002 மேலதிக நேர, விடுமுறைக் கொடுப்பனவு. 1003 ஏனைய கொடுப்பனவுகள். 1202 எரிபொருள், 1203 உணவும் சீருடையும், 1301 வாகனப் பராமரிப்பு. மூலதனப் பக்கத்தில் 2001 கட்டடத் திருத்தம், 2104 புதுக் கட்டடம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடந்த ஆண்டுத் தொகை, நடப்பாண்டுத் தொகை, வரும் ஆண்டு மதிப்பீடு, அதற்கடுத்த ஆண்டுகளுக்கான எதிர்வு கூறல் என்று நிரல்கள் ஓடும்.

இதில் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. 2025 இல் கொடுப்பனவுகள் அடிப்படைச் சம்பளத்துக்குள் போனதால், 1001 உயர்வதும் 1003 இறங்குவதும் இயல்பு. 1003 ஐ மட்டும் பார்த்துவிட்டு "படியை வெட்டிவிட்டார்கள்" என்று கூவக் கூடாது; 1001 மட்டும் பார்த்துவிட்டு மாலை போடவும் கூடாது. இரண்டையும் கூட்டி, முன் ஆண்டின் கூட்டுத் தொகையோடு வைத்துப் பாருங்கள். அதிலும் புதிதாக ஆட்சேர்ப்பு நடந்திருந்தால் மொத்தம் கூடும், ஆள் ஒருவருக்குக் கிடைப்பது கூடாது.

நான் அதிக நேரம் செலவழிப்பது 2001 என்ற குறியீட்டில். சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். படுக்கிற இடத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை. அண்ணன் மகன் தங்கியிருக்கும் விடுதியை ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஆனி மாதத்து மழை. சுவரில் தலை உயரத்துக்குப் பச்சைப் பாசி. காக்கிச் சட்டை கொடியில் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை மங்கலாக எரியவிட்டு, ஆளுக்கு ஆள் முறைபோட்டுச் சட்டை காயவைக்கிறார்கள். காலையில் அதை உடுத்திக்கொண்டு நகரச் சந்தியில் நின்றால் பொறுப்பதிகாரி இஸ்திரி மடிப்பைப் பார்ப்பார். லயத்துக் கூரையைத் தப்பி வந்த பிள்ளை மறுபடி ஒழுகும் கூரைக்குக் கீழேயே படுத்திருக்கிறான். மலைநாட்டுப் பொலிஸ் நிலையம் ஒன்றில் ஆளுக்கு ஒரு மழையங்கி இருக்கிறதா, சுவர் காய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் 1203 இலும் 2001 இலும் தீர்மானமாகிற விடயங்கள்.

குழுநிலை நாள்

உரைக்குப் பின் இரண்டாம் வாசிப்பு விவாதம், வாக்கெடுப்பு. அதன்பின் அமைச்சு அமைச்சாகக் குழுநிலை விவாதம். முடிவில் மூன்றாம் வாசிப்பு. 2026 ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பு நவம்பர் 14 ஆம் திகதி, மூன்றாம் வாசிப்பு டிசம்பர் 5 ஆம் திகதி. பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒரு நாள் குறிக்கப்படும். பாராளுமன்ற இணையத்தளத்தில் ஒழுங்குப் பத்திரத்தைப் பார்த்து அந்தத் திகதியை நாட்காட்டியில் எழுதிவையுங்கள். மற்ற நாட்களில் வசனம்தான் அதிகம், வேலை நடக்கிறது குழுநிலையில்.

அன்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, செலவினத்தைப் பத்து ரூபாவால் குறைக்க வேண்டும் என்று முன்மொழிவார். கேட்டுப் பயந்துவிடாதீர்கள். விவாதத்தைத் தொடக்கும் சம்பிரதாயம் அது. பிறகு உறுப்பினர்கள் தங்கள் தங்கள் தொகுதிப் பொலிஸ் நிலையம், ஆளணிப் பற்றாக்குறை, இடமாற்றம் என்று பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார். அமைச்சர் கொடுக்கும் வாக்குறுதி, சபைப் பேச்சுகளை அச்சிடும் ஹன்சாட்டில் பதிவாகும். பேசிய மொழியிலேயே அச்சிடுவதால் தமிழ் உறுப்பினர்களின் பேச்சைத் தமிழிலேயே வாசிக்கலாம். நமது உறுப்பினர்கள் அந்த நாளில் வாய் திறந்தார்களா என்பதையும் அங்கேதான் சரிபார்க்க முடியும். நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். தோட்டச் சம்பளத்துக்கு எட்டுப் பேரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். 2026 திட்டத்தில் 1,350 ரூபா நாட்சம்பளத்தை 1,550 ஆக்கி, அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவோடு 1,750 ஆக்கியது அப்படிப் பேசிப் பேசித்தான். ஆனால் அதே வீட்டில் இன்னொரு பிள்ளை காக்கி உடுத்தியிருப்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

உறுப்பினருக்கு எழுதுவதானால் குழுநிலை நாளுக்கு இரண்டு வாரம் முன்பே எழுதிவிட வேண்டும். ஒரே பக்கம். பிள்ளையின் பெயரோ, இலக்கமோ, நிலையமோ வேண்டாம். "தலைப்பு 225 இன் கீழ் மலையகப் பொலிஸ் விடுதிகளின் திருத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று அமைச்சரிடம் கேட்க வேண்டுகிறோம்" என்று ஒரு கேள்வியாக எழுதிக் கொடுங்கள். புலம்பலை அவர்களால் சபையில் வாசிக்க முடியாது, கேள்வியை வாசிக்கலாம்.

டிசம்பரோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது குழுநிலை விவாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வாசிப்பு முடிந்து சில நாட்களிலேயே 500 பில்லியன் ரூபாவுக்கு, மேலதிகப் பணம் கேட்கும் குறைநிரப்பு மதிப்பீடு ஒன்று சபைக்கு வந்தது. ஆண்டு நடுவிலும் இப்படிப் பணம் சேரும், நகரும். பணம் செலவான பின் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும், அதை வைத்துக் கேள்வி கேட்கும் கோபா என்ற பாராளுமன்றக் கணக்குக் குழுவும் உண்டு. அந்த அறிக்கைகள் காரசாரமானவை, வாசிக்க அலுப்புத் தட்டாது.

சட்டமூலம் வரும்போது

பணம் அல்லாத சட்டமூலத்துக்கு நேரம் குறைவு என்பதுதான் பெரிய சிக்கல். வர்த்தமானியில் வெளியாகி, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின், அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். 121 ஆம் உறுப்புரை அதற்கு வழி விடுகிறது. ஆனால் அந்த வாசல் சில நாட்கள்தான் திறந்திருக்கும். சபாநாயகர் சான்றுரை பதித்துவிட்டால், 80 ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் வலிதைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. இந்தியாவில் சட்டம் வந்த பிறகும் நீதிமன்றம் போகிறார்களே என்று கேட்பார்கள். அங்கே போகலாம், இங்கே முடியாது.

பொலிஸ் சம்பந்தப்பட்டது என்று தலைப்பில் எழுதியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இடமாற்றம், பதவி உயர்வு, ஒழுக்காற்று எல்லாம் யார் கையில் என்பதை மாற்றியவை அரசியலமைப்புத் திருத்தங்கள். 2001 இல் 17 ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டுவந்தது. 2010 இல் 18 ஆவது அதை வலுவிழக்கச் செய்தது. 2015 இல் 19 ஆவது மீட்டது, 2020 இல் 20 ஆவது மறுபடி குறைத்தது, 2022 இல் 21 ஆவது மறுபடி கொடுத்தது. ஒரு கான்ஸ்டபிளின் சேவைக் காலத்துக்குள் எஜமான் இத்தனை முறை மாறியிருக்கிறான்.

வாசிக்கும்போது முன்னுரையை விட்டு, கடைசியில் இருக்கும் பொருள்கோடல் பிரிவை முதலில் பாருங்கள்; "அலுவலர்" என்றால் யார் யார் என்று அங்கே இருக்கும். திருத்தச் சட்டமூலமானால் முதன்மைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு வரியும் விளங்காது. சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று ஒவ்வொரு சட்டத்தின் இறுதியிலும் ஒரு பிரிவு உண்டு. முக்கியமான வரியைச் சிங்களம் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து ஒப்பிட்டுவிடுங்கள்.

பல்லேகலையில் இருக்கும் மாகாண சபைக்கு இதில் பங்கு இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு: 1987 இன் 13 ஆவது திருத்தத்தில் மாகாணப் பொலிஸ் என்று எழுதியிருக்கிறது, இன்றுவரை கொடுக்கப்படவில்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். ஆகவே பொலிஸ் சம்பளத்துக்காக மாகாண அலுவலகப் படி ஏறுவது வீண்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் செய்திகளாலும் குழப்பம் வருகிறது. அமெரிக்காவில் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 2011 இல் விஸ்கான்சின் மாநிலம் அரச ஊழியரின் கூட்டுப் பேரம்பேசும் உரிமையை வெட்டியபோது பொலிஸாரையும் தீயணைப்பாளரையும் விட்டுவைத்தது. அதே ஆண்டு ஒஹாயோ அவர்களையும் சேர்த்து வெட்டியது. நவம்பரில் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தையே தூக்கி எறிந்தார்கள். படிக்கச் சுவையானதுதான். ஹற்றன் பொலிஸ் நிலையத்தில் அதைக் காட்டி ஒன்றும் கேட்க முடியாது.

கேட்க வேண்டிய இடங்கள்

இடமாற்றம், பதவி உயர்வு, ஒழுக்காற்று பற்றிய குறை என்றால் அது பிள்ளையின் வேலை; வீட்டார் கடிதம் எழுதினால் கெட்டுப்போகும். அவன் உரிய வழியில் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். ஆணைக்குழுவின் முடிவிலும் குறை இருந்தால் 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை இருக்கிறது. அடிப்படை உரிமை மீறல் என்றால் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம். ஒரு மாதம் என்பது மேலதிகாரி "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடும்.

வீட்டார் நேரடியாகச் செய்யக் கூடியது தகவல் கோரிக்கை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எந்தப் பிரசையும் காரணம் சொல்லாமல் கேட்கலாம், தமிழில் கேட்கலாம். பொலிஸ் தலைமையகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதில் சரியில்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், எவ்வளவு, எந்தத் திகதி, எந்தச் சுற்றறிக்கை என்று கேளுங்கள். "ஏன்" என்று கேட்டால் கட்டுரை வரும். "எவ்வளவு" என்று கேட்டால் எண் வரும்.

பொதுவான குறையானால், ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கும் அனுப்பலாம். மெதுவாக நகரும், ஆனால் திணைக்களத்தை அழைத்து விளக்கம் கேட்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு.

அடுத்த வேலை 2027 ஜனவரியில். திருத்தத்தின் கடைசிப் பங்கு அந்த மாதச் சம்பளத்தில் வர வேண்டும். 2025 மார்ச், 2025 ஏப்ரல், 2026 ஜனவரி ஆகிய மாதங்களின் சம்பளப் பட்டியல்களைப் பிள்ளையிடம் இப்போதே வாங்கிக் கோப்பில் போட்டுவிடுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். நான்காவது பட்டியல் கைக்கு வந்ததும் அடிப்படைச் சம்பள வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, சுற்றறிக்கையின் பின்னிணைப்போடு ஒப்பிடுங்கள். ஆண்டு ஏற்றம் விழும் மாதமும் ஜனவரியாக இருந்தால் அதைத் தனியாகக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால், பந்தி இலக்கத்தைக் குறித்து, சம்பளம் தயாரிக்கும் கிளைக்குப் பிள்ளை எழுத்தில் கொடுக்கட்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வரக் கூடாது.